வயதான தாய் தந்தையரோடு ஜப்பானுக்கு

(யூபிலி ஆண்டு முதியோர் தினத்தன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



முன்னாளில் நம் பகுதியில் அக்கரைச் சீமை என்றால் பர்மா, இலங்கை, மலேயா, சிங்கப்பூர். பின்பு அரபு நாடுகள். இப்பொழுது நம் பிள்ளைகள் ஜப்பானிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள். இந்த ஆண்டில் மட்டும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் வந்து, "சாமி, அப்பா அம்மாவை ஒரு தடவை ஜப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போய் நாகசாகியையும் காட்டிவிட வேண்டும், எப்படித் திட்டம் போடலாம்?" என்று கேட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் திருயாத்திரைக் குழு ஒன்றோடு அங்கே போய் வந்தவன் என்பதால் கேட்டார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியே சொல்வதை விட, பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்திருக்கும் இந்த நாளில் சொல்லிவிடுவது நல்லது.

மூவரும் காட்டிய திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். ஏழு நாளில் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா, நாகசாகி. பிள்ளைகளே, இது முப்பது வயதுக் கால்களுக்குப் போட்ட திட்டம். எழுபது வயதுக் கால்கள் இதைத் தாங்கா. ஆனால் அந்தக் கால்களுக்கு உரியவர்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். பிள்ளை பணம் செலவழிக்கிறானே, லீவு போட்டிருக்கிறானே என்று வாயை மூடிக்கொண்டு கூடவே நடப்பார்கள். எங்கள் குழுவில் வந்த ஒரு தாயார் காலை முதல் மாலை வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். விசாரித்தபோதுதான் தெரிந்தது: வழியில் கழிப்பறைக்குப் போகவேண்டி வந்தால் எல்லோருக்கும் தாமதமாகுமே என்று அஞ்சித் தாகத்தை அடக்கியிருக்கிறார். இத்தனைக்கும் ஜப்பானில் பெரும்பாலான ரயில் நிலையங்களில் சுத்தமான கழிப்பறை உண்டு. பெரிய நிலையங்களில் சக்கர நாற்காலியோடு உள்ளே போகும்படியான தனி அறையும் உண்டு. அதை அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆகவே, அவர்கள் கேட்கத் தயங்குவதை எல்லாம் கேட்காமலே உங்கள் திட்டத்தில் எழுதி வையுங்கள்.

வேலை உங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து தொடங்குகிறது. பாஸ்போர்ட்டைச் சொல்கிறேன். நம் மக்களுக்கு ஆளுக்கு மூன்று பெயர். ஞானஸ்நானப் புத்தகத்தில் சவேரியார், ரேஷன் கார்டில் சவரிமுத்து, மகனுடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் வெறும் முத்து! ஊருக்குள் இதனால் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் ஜப்பானில் வேலை பார்க்கும் மகன் தாய் தந்தையை அழைக்கும்போது, அழைப்புக் கடிதம், பொறுப்பேற்புக் கடிதம், தன் வருமானச் சான்று, தான் அங்கே குடியிருப்பதற்கான சான்று ஆகியவற்றோடு, இவர்தாம் என் தகப்பனார், இவர்தாம் என் தாயார் என்று மெய்ப்பிக்கும் பத்திரமும் காட்டவேண்டும். மகன் சான்றிதழில் முத்துவும், தகப்பனார் பாஸ்போர்ட்டில் சவரிமுத்துவும் இருந்தால் அதிகாரி என்ன செய்வார் பாவம்! ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் முதலில் ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் திருச்சி பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் காரியத்துக்கே சில மாதங்கள் பிடிக்கும். விமான டிக்கெட் அதற்குப் பிறகுதான். விசா விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. சென்னையிலுள்ள விசா மையத்தில் நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பிப் புறப்படாதீர்கள்.

சவேரியார் என்ற பெயரைச் சொன்னேன். நம் தகப்பன்மாரில் எத்தனையோ பேருக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1542-ஆம் ஆண்டின் கடைசியில் நம் முத்துக்குளித்துறைக் கரையில் நடந்து திரிந்த அதே பிரான்சிஸ் சவேரியார்தான் ஜப்பானுக்குப் போன முதல் வேதபோதகர். 1549 ஏப்ரலில் கோவாவில் கப்பலேறி, மலாக்காவில் இறங்கி, அங்கிருந்து ஒரு சீனக் கப்பலில் புறப்பட்டு, ஆகஸ்டு 15-ஆம் நாள், தேவமாதா விண்ணேற்பு விழாவன்று, ககோஷிமாவில் கரை சேர்ந்தார். நான்கு மாதப் பயணம். இன்று திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரம், அங்கிருந்து ஜப்பான் ஆறேழு மணி நேரம்.

நான் சொல்லும் வழி இதுதான். ஐந்து ஊரை விட்டுவிட்டு இரண்டே ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாகசாகி பார்க்கவேண்டும் என்பதுதான் பெற்றோரின் ஆசையானால், டோக்கியோவுக்குப் போய்ச் சுற்றி வரவேண்டிய அவசியமில்லை. சிங்கப்பூரிலிருந்து ஃபுகுவோகாவுக்கு நேர் விமானம் இருக்கிறது. சிங்கப்பூரில் நமக்கு உறவினர் இல்லாத வீடு ஏது? ஓரிரவு அங்கே தங்கிக் காலை நீட்டிப் படுத்து எழுந்து மறுநாள் பறக்கலாம். ஃபுகுவோகாவிலிருந்து நாகசாகிக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். 2022 செப்டம்பரில் திறந்த புதிய ஷின்கான்சென் பாதை. நடுவில் தக்கேயோ-ஓன்சென் என்ற நிலையத்தில் வண்டி மாறவேண்டும், ஆனால் எதிர்ப்புறத்திலேயே அடுத்த வண்டி நிற்கும், படி ஏறி இறங்க வேண்டாம். அங்கே ரயில்கள் நிலையத்தில் நிற்பது கொஞ்ச நேரமே. நம் எழும்பூர் வண்டி போல, பெட்டி படுக்கை எல்லாம் ஏற்றி, வழியனுப்ப வந்தவரோடு பேசி முடிக்கும் மட்டும் காத்திருக்காது. கனமான பெட்டி வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். மகன் டோக்கியோவில் வேலை பார்த்தால், அவன் வீட்டில் நான்கு நாள், நாகசாகியில் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை டோக்கியோவில் யோட்சுயா புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் ஆங்கிலத் திருப்பலி உண்டு.

டிக்கெட் வாங்கும்போதே சக்கர நாற்காலி வேண்டுமென்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். "நான் என்ன நொண்டியா?" என்று அப்பா சீறுவார். சீறட்டும். பெரிய விமான நிலையத்தில் நடக்கிற தூரம் நம் பஸ் நிலையத்திலிருந்து கோயில் வரைக்கும் இருக்கும்.

மருந்து விஷயம் மிக முக்கியம். நம் முதியோரில் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இல்லாதவர் சிலரே. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை ஒரு மாதத்துக்குரிய அளவு வரை ஜப்பானுக்குக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் வேண்டுமானால் முன்கூட்டியே அந்நாட்டு அரசிடம் அனுமதி பெறவேண்டும். வலிக்குக் கொடுக்கும் போதை கலந்த மருந்துகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. சளிக்கு நாம் சாதாரணமாகப் போடும் மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் என்ற சரக்கு பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே தடை. ஆகவே எல்லா மாத்திரையையும் அட்டையோடு, டாக்டர் கடிதத்தோடு, கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போடவே கூடாது. நேரம் நம்மை விட மூன்றரை மணி முந்தியிருக்கும், இன்சுலின் போடும் வேளையை டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இருதயத்தில் அண்மையில் சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டர் போகலாம் என்றால் போகட்டும், வேண்டாம் என்றால் மறு பேச்சு வேண்டாம். மருத்துவ இன்சூரன்சு இல்லாமல் யாரும் புறப்பட வேண்டாம். ஆம்புலன்சுக்கு அங்கே 119.

பருவத்தைப் பார்த்துப் போகவேண்டும். தை மாதப் பனிக்கே மப்ளர் சுற்றுகிறவர்கள் நாம். ஜனவரி, பிப்ரவரியில் முதியோரைக் கூட்டிப் போகாதீர்கள். ஜூன், ஜூலை மழை. ஆகஸ்டு நம் அக்கினி நட்சத்திரத்துக்குச் சளைத்ததல்ல. ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரை அவர்களுக்குத் தொடர் விடுமுறை, ரயிலில் உட்கார இடம் கிடைப்பது அரிது. மே நடுவிலோ நவம்பரிலோ போனால் உடம்புக்கு இதம்.

தங்குமிடத்தில் கட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பாய் விரித்த பழங்கால அறை பார்க்க அழகுதான், ஆனால் முட்டி வலிக்காரர் தரையிலிருந்து எழுந்திருக்க வேண்டுமே! குளியலறை அறையோடு சேர்ந்திருக்கட்டும். அங்கே சில விடுதிகளில் பொதுக் குளியல்தான், ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்றாலும் ஆடையில்லாமல் இறங்குவது அவர்கள் வழக்கம். நம் அப்பத்தாமார் ஒருத்தியும் அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். அரிசி, மீன், முட்டை எல்லாம் உண்டு. சோறு கொஞ்சம் குழைந்து ஒட்டும், காரம் இராது. ஊறுகாயும் இட்லிப்பொடியும் எடுத்துக்கொள்ளுங்கள். இறைச்சிப் பண்டம் எதுவும் கூடாது, உப்புக்கண்டம் கூடவே கூடாது. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் போன்றவற்றையும் சோதனைச் சான்று இல்லாமல் விடமாட்டார்கள். இன்னொன்று: ஒவ்வொரு காப்பிக்கும் யென் கணக்கை ரூபாயாக்கி அம்மாவிடம் சொல்லாதீர்கள். மறுநாளிலிருந்து காப்பி வேண்டாம் என்பார்.

இனி நாகசாகி. அது மேடும் பள்ளமுமான ஊர். காலையில் ஓர் இடம், மதியம் ஓய்வு, மாலையில் மனமிருந்தால் இன்னோர் இடம், அவ்வளவே. முதல் நாள் நிஷிசாகா குன்று. ரயில் நிலையத்துக்கு அருகில்தான், ஆனால் ஏற்றம், டாக்சி வைத்துக்கொள்ளுங்கள். 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் 26 பேர் அங்கே சிலுவையில் அறையப்பட்டார்கள். கியோட்டோ பக்கமிருந்து கடுங்குளிரில் அவர்களை நடத்தியே கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் நாட்டவர், மும்பைக்கு வடக்கேயுள்ள வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியா. 1862-இல் அவர்கள் புனிதர்களாக உயர்த்தப்பட்டபோது, இந்திய மண்ணில் பிறந்தவர்களில் அந்த நிலையை அடைந்த முதல்வர் அவரே. 26 பேரின் வெண்கல உருவங்களில் அவரையும் உங்கள் தாய் தந்தைக்குக் காட்டிக் கொடுங்கள்.

மறுநாள் ஔரா ஆலயம். 1865 மார்ச் 17-இல் உராக்கமி கிராமத்து ஏழைகள் சிலர் அங்கே வந்து, பிரெஞ்சுக் குருவான பெத்தித்ஜான் சுவாமியாரிடம், எங்கள் இருதயமும் உம்முடையதும் ஒன்றே என்ற கருத்துப்படச் சொல்லி, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குருவே இல்லாமல், வீட்டுக்குள் தாய் தகப்பன் சொல்லிக் கொடுத்து மட்டுமே காப்பாற்றப்பட்ட விசுவாசம் அது. இதை நம் அப்பத்தாமார் உடனே புரிந்துகொள்வார்கள், உங்களுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள்தானே! அங்கே படிக்கட்டுகள் அதிகம். பக்கத்துக் குளோவர் தோட்டத்துப் பகுதியில் மேட்டுக்கு ஏற லிப்ட் உண்டு, ஆனால் ஆலயத்துக்குப் படி ஏறியே ஆகவேண்டும். ஏற முடியாவிட்டால் கீழே நின்று கும்பிடட்டும், வற்புறுத்த வேண்டாம்.

மூன்றாம் நாள் உராக்கமி பேராலயம். 1945 ஆகஸ்டு 9, காலை 11.02-க்கு வீழ்ந்த அணுகுண்டில் இடிந்து, 1959-இல் திரும்பக் கட்டப்பட்டது. ஒரு கோபுரத்தில் மணியில்லாமலே இருந்தது. அமெரிக்கக் கத்தோலிக்கரின் காணிக்கையால் புது மணி வைத்து, 2025 ஆகஸ்டு 9 அன்று இரண்டு மணிகளும் சேர்ந்து ஒலித்தன. இங்கே அவசரம் வேண்டாம். உங்கள் தாய் தந்தையை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவர்களாக எழுந்திருக்கும் வரை போனை எடுக்காமல் பக்கத்தில் இருங்கள்.

நவம்பரில் புறப்பட எண்ணுகிறவர்கள் பெயர்ப் பிரச்சினையை இந்த மாதமே பாருங்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் தேவைப்படுவோர் பூசை முடிந்து வாசலில் நின்று கேட்காமல், பிறந்த வருஷம், தாய் தகப்பன் பெயர், ஞானத்தாய் தகப்பன் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உபதேசியாரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய புத்தகங்களில் செல்லரித்த பக்கங்கள் சில உண்டு, தேடி எடுக்க எனக்கு ஒரு வாரம் வேண்டும்.