உபவாசமும் உணவை மறுக்கும் நோயும்

(திருவண்ணாமலை ஸ்ரீ ரமணாசிரமத்தை அடுத்துக் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நாம் கூடியிருக்கும் இத்தலம் விரதத்திற்குப் பேர்போனது. கார்த்திகைத் தீபத்தைத் தரிசித்த பின்னரே அன்னம் கொள்வோர் இங்கு எத்தனையோ பேர். அவ்வழக்கத்தைக் குறைகூற நாம் வரவில்லை. விரதம் என்னும் திரைக்குப் பின்னே ஒரு கொடிய நோய் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை எடுத்துரைக்கவே வந்துள்ளோம்.

அந்நோயை வைத்தியர்கள் அனோரெக்சியா நெர்வோசா என்பர். 1873-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சர் வில்லியம் கல் என்பவரும் பிரான்ஸில் லாசேக் என்பவரும் இதனைத் தனி நோயாக விவரித்தனர். அளவின்றி உண்டு, பின்னர் மறைவாக வாந்தியெடுக்கும் புலிமியா என்பது இதற்கு நெருங்கிய உறவு. மனோவியாதிகளுள் உயிர்ச்சேதம் மிகுந்தவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. இது மேனாட்டார்க்கே உரியது என்று எண்ணற்க. உடல் பருத்துவிடும் என்ற அச்சத்தைச் சொல்லாமலே உணவை மறுத்த நோயாளிகளை 1990-களில் தில்லியிலும் ஹாங்காங்கிலும் வைத்தியர்கள் கண்டெழுதினர். "பசியில்லை, வயிறு உப்புகிறது" என்று மட்டும் ஒரு பெண் சொன்னால், வீட்டார்க்கு ஐயம் எங்ஙனம் எழும்? "இன்று விரதம்" என்றாலோ, ஐயத்திற்குப் பதில் மெச்சுதலே கிடைக்கும்.

விரதத்தையும் நோயையும் பிரித்தறிவது எவ்வாறு? விரதத்திற்கு நாட்கணக்கு உண்டு, பாரணை உண்டு, அது முடிந்ததும் எல்லோருடனும் அமர்ந்து மகிழ்ந்து உண்பது உண்டு. நோய்க்கு முடிவு நாளே இல்லை. ஏகாதசி கழிந்தால் வெள்ளிக்கிழமை, வெள்ளி கழிந்தால் சஷ்டி என்று காரணம் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். பந்தியில் அமரக் கூசுவர். உண்டவுடன் குளியலறைக்கு விரைவர். கை கால்கள் சில்லிடும், தலை சுற்றும், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். ஆண்பிள்ளைகளுக்கும் இந்நோய் வருவதுண்டு.

இவர்களைப் பேணும் முறைக்கு இவ்வூரின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1896 செப்டம்பர் 1-ஆம் நாள், வேங்கடராமன் என்னும் 16 வயதுப் பிள்ளை இங்கு வந்து, உணவையும் உடலையும் மறந்து அமர்ந்தார். பின்னாளில் ஸ்ரீ ரமண மகரிஷி எனப் போற்றப்பெற்ற அவருடைய நிலை நோயன்று. நாம் நோக்க வேண்டியது சூழ இருந்தோரின் செய்கையையே. கோயிலில் மௌனசாமி என்பவர், அம்மன் அபிஷேகப் பாலை அவருக்கு அளித்து வந்தார். அதில் தண்ணீரும் மஞ்சளும் சர்க்கரையும் பழமும் கலந்திருக்கும். அதைக் கண்ட குருக்கள் மனம் நொந்து, தூய பாலையே அனுப்ப ஏற்பாடு செய்தார். பின்னர்க் குருமூர்த்தத்தில், அன்பர் கொணர்ந்த உணவிலிருந்து பழனிசாமி என்பவர் நண்பகலில் ஒரு கிண்ணம் அளித்து வந்தார். தம் இறுதிக்காலம் வரை, ஏறத்தாழ 21 ஆண்டுகள், தொண்டு செய்தார். வேண்டியதைக் கவனித்து நாள்தோறும் அருகிருந்தார்கள். ஸ்ரீ ரமணரும் 'நான் யார்' என்னும் நூலில், நியமங்களுள் பட்டினியையன்று, மிதமான சாத்விக உணவையே சிறந்ததாக உரைத்தார்.

ஆகவே, நோயுற்ற மகளையோ தங்கையையோ "திமிர்" என்று ஏசாதீர்கள். 1944-45-இல் அமெரிக்காவில் மின்னசோட்டாவில், நல்ல தேகமும் மனமும் உடைய 36 வாலிபர்களுக்கு மாதக்கணக்கில் உணவைக் குறைத்து ஆராய்ந்தனர். அவர்களிற் பலர் சோர்ந்தனர்; எரிந்து விழுந்தனர்; உணவையன்றி வேறு நினைவற்றனர். பிடிவாதமாகத் தோன்றுவதில் ஒரு பங்கு பட்டினியே செய்யும் வேலை.

ஆயினும், "தானே உண்ணட்டும்" என்று கைவிடுவதும் தகாது. இலண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையார் 1980-களில் பெற்றோரையே சிகிச்சைக்குத் துணையாகக் கொண்டனர். நோய் முற்றாத இளம்பிராயத்தார்க்கு அம்முறை நற்பயன் தந்தது. பெற்றோர் அருகமர்ந்து, உரிய வேளையில், உரிய அளவு உண்ணும்வரை பொறுமையாகத் துணை நிற்பதே அதன் சாரம். வற்புறுத்தி வாயில் திணிப்பதன்று.

ஓர் எச்சரிக்கை. நெடுநாள் பட்டினி கிடந்தவர்க்குத் திடீரென வயிறாரப் படைத்தால், இரத்தத்திலுள்ள உப்புச் சத்துக்கள் நிலை குலைந்து இருதயம் கெடவும் கூடும். ஆதலால் முதலில் வைத்தியரைக் காணுங்கள். மனோவைத்தியரிடம் செல்வதில் குலத்திற்கு ஒரு குறைவும் இல்லை. அரசாங்கம் 2022-இல் தொடங்கிய டெலிமானஸ் என்னும் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

இறுதியாக நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். பெண்பார்க்கும் கூடத்தில், "பெண் சற்றுப் பருமன்", "இன்னும் இளைத்தால் நலம்" என்று பலர் முன்னே பேசுகிறோம். ஒரு சொல்லால் மட்டுமே இந்நோய் வருவதில்லை. ஆயினும் இளநெஞ்சில் அது தைத்துவிடும். இனி எந்தப் பிள்ளையின் உடலையும் எடைபோட்டுப் பேசுவதில்லை என்று இன்றே உறுதி கொள்வோம். பசித்தவர்க்கு அன்னமிடுவது நம் முன்னோர் வகுத்த அறம். அருகில் அன்னம் இருந்தும் உண்ணமாட்டாது வாடும் நம் பிள்ளையும் அவ்வறத்திற்கு உரியவளே.