தொலைபேசி நிதியும் கண்ணாடி இழைக் கம்பியும்



கிராமங்களுக்குத் தொலைபேசி அளிக்கும் பொருட்டு, தொலைபேசிக் கம்பெனிகளின் வருவாயில் ஒரு பங்கைப் பெற்று, மத்திய அரசு 2002-ஆம் ஆண்டில் ஒரு நிதியை ஏற்படுத்திற்று. 2006-இல் சட்டம் திருத்தப்பெற்று, அதிவேக இணையத்துக்கும் அந்நிதி உரியதாயிற்று. அதன் உதவியால், 'பாரத்நெட்' திட்டத்தில், தமிழ்நாட்டின் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளையும் இணைக்கும் கண்ணாடி இழைக் கம்பி பெரும்பாலும் மின்கம்பங்களின் வழியே வருகிறது.

பட்டா நகலுக்காகத் திண்டிவனத்துக்கு அலைவதும், விலை அறியாமல் மணிலா மூட்டைகளை விழுப்புரத்துக்கு ஏற்றுவதும் இதனால் குறையும்.

ஆனால், நிதி கம்பியைக் கொணரும். காப்பது நம் கடமையாகும். அக்கம்பியில் செம்பு இல்லை. வெட்டுவோருக்கு ஒரு காசும் கிட்டாது, ஊருக்கே நஷ்டம். கருவி உள்ள அறைக்கு மின்சாரம் தடைபடாமல் பார்த்துக்கொள்வோமாக!