ஒரே இடாப்பும் அதன் காவலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



கணினி என்றவுடன் பெரியோர் சிலர், "அது பிள்ளைகளின் காரியம்" என்று ஒதுங்கிவிடுகின்றனர். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ பெரியோருக்கே நன்கு விளங்கக்கூடியது. அஃது இடாப்பையும் திறப்பையும் பற்றியது.

நெடுந்தீவுப் பாடசாலை ஒன்றிலே பத்துக் கணினிகள் உண்டென வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் பாவிப்போரின் பெயரையும் கடவுச்சொல்லையும் தன்னுள்ளேயே வைத்திருந்தால் இடாப்புகள் பத்து. புதிய மாணவர் வந்தால் பத்திலும் பதிய வேண்டும். ஆசிரியர் மாற்றலாகிப் போனால் பத்திலும் நீக்க வேண்டும். ஒன்றிலே மறந்தாலும் அந்தக் கதவு திறந்தே கிடக்கும்.

இத்தொல்லையைத் தீர்ப்பதே டொமைன் என்னும் ஏற்பாடு. ஒரே இடாப்பை ஏற்றுக்கொண்ட கணினிகளின் கூட்டமே டொமைன். அவ்விடாப்பை வைத்திருந்து, "இவர் இன்னார், இன்ன குழுவினர்" என்று சாட்சி சொல்லும் கணினி டொமைன் கொன்ட்ரோலர். மைக்ரோசொப்ற் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட அக்ரிவ் டிரெக்டரி இவ்வகையிற் பெயர்பெற்றது. அதிலே ஒருவர் உட்புகுந்ததும் கொன்ட்ரோலர் படகுச் சீட்டைப் போல ஒரு சீட்டுக் கொடுக்கிறது. பின்னர் கடவுச்சொல்லை இடந்தோறும் சொல்ல வேண்டியதில்லை. சீட்டைக் காட்டினாற் போதும். சீட்டுக்குக் காலவரையறை உண்டாதலால், கணினிகளின் மணிக்கூடுகள் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் அது செல்லாது.

ஆனால் எல்லாம் ஓரிடாப்பில் இருப்பதால் ஆபத்தும் ஓரிடத்திலேயே திரளும். 2017 யூன் 27 இல் மேர்ஸ்க் என்னும் கப்பற் கம்பனியை நொட்பெற்யா என்ற நாசநிரல் தாக்கியது. உலகெங்கும் அவர்கள் வைத்திருந்த ஏறக்குறைய 150 கொன்ட்ரோலர்கள் அழிந்தன. ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்தமையால் தனியே ஒரு பிரதி எடுத்து வைக்க எவரும் நினைக்கவில்லை. தப்பியது ஒன்றே ஒன்று. ஆபிரிக்காவின் கானா நாட்டிலே மின்சாரம் நின்றதால் அணைந்து கிடந்த கொன்ட்ரோலர் அது. அதன் தட்டைக் கையிலே எடுத்துச் சென்றே இடாப்பை மீட்டனர். கம்பனியைக் காத்தது மின்வெட்டு! தொடுப்பில்லாத பிரதி ஒன்று வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தீவகத்தவராகிய நமக்கு வேறொரு கவலையும் உண்டு. கொன்ட்ரோலர் யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருக்க, காற்றும் மழையும் தொடர்பை அறுத்துவிட்டால் என்ன செய்வது? முன்பு அதே கணினியில் உட்புகுந்தவரை விண்டோஸ் நினைவில் வைத்து அனுமதிக்கும். புதியவர் வாசலிலே நிற்க வேண்டியதுதான். ஆதலால் தீவிலேயே ஒரு கொன்ட்ரோலர் இருத்தல் நலம். அறைக்குத் தக்க பூட்டில்லையாயின், 2008 முதல் வந்துள்ள, வாசிக்க மட்டும் இடந்தரும் வகையை வைக்கலாம். அதிலே எவரும் இடாப்பைத் திருத்த முடியாது. அனுமதித்த கடவுச்சொற்களே அதில் தங்கும். களவு போனாலும் நட்டம் சிறிது.

இறுதியாக ஒன்று. முழு அதிகாரமுள்ள திறப்பு மிகச் சிலர் கையிலேயே இருக்க வேண்டும். ஆயினும் ஒருவர் கையில் மட்டும் இருத்தலாகாது. அவர் வெளிநாடு போய்விட்டால் பாடசாலை முழுவதும் வெளியே நிற்கும். அக்கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்துப் பெட்டகத்தில் வைப்போம். பெட்டகத்துக்குப் பெரியோர் காவலிருங்கள். இடாப்புக்கு வாலிபர் நாம் காவலிருப்போம்.