டிவியில் கோடு விழுந்தால் நாமே என்ன செய்யலாம்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், டிவி பழுது பார்க்கும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேசப் போவது டிவியில் விழும் கோடுகளைப் பற்றி. "இதெல்லாம் மெக்கானிக் பார்த்துக்குவார், நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். மெக்கானிக் வந்து போனாலே வீட்டுக் கணக்கில் ஒரு செலவு ஏறுது. அதைவிட முக்கியம், இந்தக் கோட்டை நிறுத்த சிலர் செய்யும் ஒரு காரியம் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பேசுறேன்.

2006-ல் தொடங்கி நம் மாநில அரசு இலவச கலர் டிவி கொடுத்தது. அந்தக் காலத்து டிவிகள் இன்னும் சில வீடுகளில் ஓடுது. பழைய டிவிகளில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் மாட்டும் இடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். செட்டாப் பாக்ஸ், டிவிடி, பிள்ளைகளின் வீடியோ கேம் எல்லாவற்றையும் மாட்ட முடியாது. அதனால் பொத்தான் வைத்த சுவிட்ச் பெட்டி ஒன்றை வாங்கி நடுவில் வைக்கிறோம். அதற்குப் பிறகு கோடு வந்தால், "டிவி போச்சே" என்று பயப்படுறோம்.

பயப்படாதீங்க. முதலில் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, சுவிட்ச் பெட்டியைக் கழற்றி ஓரமாக வையுங்க. செட்டாப் பாக்ஸ் வயரை நேராக டிவியில் மாட்டிப் போட்டுப் பாருங்க. படம் சுத்தமாக வந்தால் டிவியில் குறை இல்லை. சுவிட்ச் பெட்டி, அதன் வயர்கள், அதில் மாட்டிய மற்ற பொருட்கள், இவற்றில் ஒன்றுதான் காரணம். பிறகு ஒவ்வொன்றாக மறுபடி மாட்டுங்க. எதை மாட்டியதும் கோடு வருதோ, அங்கேதான் பார்க்கணும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதில் குறை என்றே தெரியாது.

கோட்டைப் பார்த்தே பாதி கண்டுபிடிக்கலாம்.

ஒரு படத்துக்குப் பின்னால் இன்னொரு படம் நிழலாகத் தெரிந்தால், சுவிட்ச் பெட்டிக்குள் ஒன்று இன்னொன்றில் கசியுது. பார்க்காத பொருளை அணைத்து வைத்தாலே போதும்.

மிக்ஸி ஓடும்போது மட்டும் புள்ளி புள்ளியாக வந்தால், மிக்ஸி மோட்டாரின் கார்பனில் வரும் தீப்பொறிதான் காரணம். டிவி கெட்டுப் போகலை.

சாய்வாக மெல்லிய கோடுகள் வந்தால் மஞ்சள் வயரைப் பாருங்க. படம் வருவது அதில்தான். மலிவான மெல்லிய வயரில் உள்ளே கம்பிவலை சரியாக இருக்காது. நல்ல தடிமனான, தேவையான நீளம் மட்டுமே உள்ள வயர் வாங்குங்க. கரண்டு வயரோடு சேர்த்துக் கட்டாதீங்க.

அகலமான பட்டை ஒன்று மெதுவாக மேலே ஏறி, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சலும் வந்தால், அது எர்த் பிரச்சினை. கேபிள் லைனுக்கு ஓரிடத்தில் எர்த், நம் வீட்டுக்கு வேறிடத்தில் எர்த். இரண்டுக்கும் நடுவில் சிறு மின்சாரம் நம் வீடியோ வயர் வழியாக ஓடுது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் வயரைக் கழற்றி, டிவிடி போட்டுப் பாருங்க. பட்டை மறைந்தால் காரணம் இதுதான். எல்லாப் பிளக்கையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் போட்டுப் பாருங்க. அப்படியும் போகாவிட்டால் கேபிள்காரரிடம் சொல்லி, எர்த்தைப் பிரிக்கும் சிறு கருவியைக் கேபிள் லைனில் போடச் சொல்லுங்க. கேபிள் வயரைத் தொட்டதும் சுர்ரென்று இருந்தால் கையை எடுங்க. மேற்கொண்டு தொடாமல் ஆளைக் கூப்பிடுங்க.

இங்கேதான் அந்த ஆபத்து. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டால் பட்டை மறையும். தயவுசெய்து செய்யாதீங்க! அந்தப் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக, தடிமனாக இருக்கும். பிளக்கைச் செருகும்போது எர்த் முதலில் சேரணும் என்பதற்காகவே நீளமாகச் செய்திருக்காங்க. அது இல்லாமல் உள்ளே கரண்டு கசிந்தால், ஒரு பொருளின் உடம்பிலிருந்து வயர் வழியாக எல்லாவற்றுக்கும் பரவும். குழந்தை கை வைத்தால் என்ன ஆகும்? கோடு இருந்தாலும் பரவாயில்லை, உயிர் முக்கியம்.

புது டிவிகளில் எச்டிஎம்ஐ வயர் வருது. அதில் இப்படிப் பட்டை ஏறாது. வெள்ளைப் பொறி தெறிக்கும், இல்லை படம் அடிக்கடி மறையும். அதற்கும் நேராக மாட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை. பிறகு வயரை இறுக்கிச் செருகுங்க, நீளத்தைக் குறைங்க. சுவிட்ச் பெட்டிக்குத் தனி அடாப்டர் இருந்தால் அதையும் மாட்டுங்க.

இவ்வளவும் பார்த்து முடியாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. அப்போதும் "எதை மாட்டினதும் வருது" என்று நீங்களே சொல்லுங்க. வேலையும் சீக்கிரம் முடியும், தேவையில்லாத செலவும் வராது. உங்கள் குழுக் கூட்டத்திலும் இதைச் சொல்லுங்க. எர்த் பின் விஷயத்தை மட்டும் மறக்காமல் சொல்லுங்க.