பெயர் வெட்டிய கல், எண் வெட்டிய கல்



வேலூர் லாங் பஜாரில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. இந்தக் கிராமத்திலிருந்து முதல் உலகப் போருக்கு 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர்விட்டார்கள் என்று அதன் கல்வெட்டு ஆங்கிலத்தில் சொல்கிறது. வேலூர் கிராமமா? இந்தியா முழுக்க ஊர் ஊராக ஒரே வாசகத்தை வைத்து, எண்ணை மட்டும் மாற்றி வெட்டிய கற்களில் அதுவும் ஒன்று. ‘கிராமம்’ என்ற சொல்லை மாற்றவே தோன்றாதவர்களுக்கு 14 பேரின் பெயரை எழுதவா தோன்றும்?

கல்லில் பெயர் வெட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் இருக்கிறது. போரில் விழுந்த வீரனோடு அவனுடைய நாயின் பெயரும் அதில் உண்டு: கோவிவன். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்தது, இருபதாம் நூற்றாண்டில் நம் ஊர்ச் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

புனே அருகே பீமா கோரேகான் தூணை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் சிறு படை மோதிய இடம் அது. தூணின் வாசகம் கம்பெனியின் பெருமையைத்தான் பேசுகிறது. ஆனால் மாண்ட சிப்பாய்களின் பெயர்களையும் வெட்டிவைத்தார்கள். அவற்றில் 22 பெயர்கள் ‘நாக்’ என்று முடிகின்றன. அது மகர்களின் பெயர் ஈறு. இன்னார் என்று காட்டி ஒதுக்கிவைக்க உதவிய அந்த ஈறுதான் பின்னால் நமக்குச் சான்றாக நின்றது. 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பது நின்றபோது கோபால் பாபா வலங்கரும், 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளேவும் அரசுக்கு விண்ணப்பம் எழுதினார்கள். எங்கள் முன்னோர் உங்கள் படையில் இருந்தார்கள் என்பது அவர்கள் வாதம். 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அந்தத் தூணின் முன் நின்றார். அவரும் ஒரு சுபேதாரின் மகன்.

அது சாதியை எதிர்த்த போரா, கூலிக்குச் செய்த போரா? இந்தக் கேள்வியை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. கோரேகானைப் பற்றிய பெருமிதக் கதை ஒரு தொன்மம் என்று 2018இல் ஆனந்த் தெல்தும்டே எழுதினார். அதே கோரேகான் பெயரால் நடக்கும் வழக்கில்தான் 2020இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள்! அவரோடு நாம் ஒரு இடத்தில் மாறுபடுகிறோம். 1818இல் சிப்பாய் எதற்காகச் சுட்டான் என்பது ஒரு கேள்வி. 1927இல் அவன் பெயரை யார் வாசித்தார்கள் என்பது வேறு கேள்வி. பெயர் இருந்ததால்தான் இரண்டாவது கேள்வியே எழுந்தது.

வேலூர்க் கல்லில் அப்படி வாசிக்க ஒன்றுமில்லை. மதராஸ் சாப்பர்ஸ், பயனியர் படைகளில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். சாப்பர்கள் மெசபடோமியா வரை போனார்கள். அங்கே பஸ்ரா நினைவுச்சின்னத்திலும் இதே கதைதான்: வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர், இந்தியச் சிப்பாய்க்கு வெறும் எண்ணிக்கை. அந்தப் பாகுபாடு நடந்தது உண்மை என்று போர்க் கல்லறை ஆணையம் 2021இல் ஒப்புக்கொண்டது, நூறாண்டு ஆயிற்று.

கல்லில் வெட்டாத பெயர் காகிதத்தில் இருக்கும். படைப்பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி எல்லாம் எழுதினார்கள். சாதியை மட்டும் வெள்ளைக்காரன் ஒருநாளும் மறந்ததில்லை. நம் வீட்டுத் தகரப்பெட்டிகளிலும் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், ஓரம் தேய்ந்த மெடல் என்று ஏதாவது கிடக்கும். மெடலின் விளிம்பில் சிப்பாயின் எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள். பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். சமூகவியல், வரலாறு படிக்கிற மாணவர்கள் இந்த விடுமுறையில் வேலூரைச் சுற்றியுள்ள சேரிகளுக்குப் போய், பாட்டிமார்களிடம் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். முதலில் அந்த 14 பேரைத் தேடுவோம்.