உடுத்திரள்களும் அவற்றின் உள்ளடக்கமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மழை விட்ட கார்த்திகை இரவொன்றிலே, விளக்கொளி படாத வெளியில் நின்று வடவானத்தை நோக்குங்கள். முகிற்கீற்றுப் போன்ற மங்கலான ஒளியொன்று தென்படும். அதுவே அந்திரோமேடா. இன்று நம் கண்ணை வந்தடையும் அவ்வொளி சுமார் 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது!

இது நம் பால்வீதிக்குள் கிடக்கும் வாயுமுகிலோ, புறத்தேயுள்ள வேறோர் அண்டமோ என அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். அவ்வழக்கைத் தீர்க்கும் அளவுகோலைத் தந்தவர் ஹென்றியேட்டா லெவிற் என்னும் அமெரிக்கப் பெண்மணி. ஒளி கூடிக் குறையும் ஒருவகை நட்சத்திரங்களில், அம்மாற்றம் நிகழும் காலத்துக்கும் நட்சத்திரத்தின் உண்மைப் பிரகாசத்துக்கும் தொடர்புண்டென 1912 இல் அவர் காட்டினார். 1923 இல் எட்வின் ஹபிள் அந்திரோமேடாவிலே அத்தகைய நட்சத்திரமொன்றைக் கண்டார். அதைக்கொண்டு தூரத்தைக் கணித்தார். பல்லாயிரங் கோடி நட்சத்திரங்கள் செறிந்த தனித் திரள் அதுவென்பது தெளிவாயிற்று. இத்தகையவற்றையே உடுத்திரள் என்கிறோம்.

1926 இல் ஹபிள் இவற்றை வடிவங்கொண்டு வகுத்தார். முதலாவது சுருளி. அந்திரோமேடாவும் நம் பால்வீதியும் இவ்வினத்தன. நடுப்புடைப்பிலே முதிய செந்நிற நட்சத்திரங்கள். சுருண்ட கைகளிலே வாயுவும் தூசும், அவற்றிலிருந்து புதிதாய்ப் பிறந்த நீலநிற நட்சத்திரங்களும் உள. நம் சூரியன் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தூரத்தில் உளது. மையத்திலே சூரியனைப் போல் 40 இலட்சம் மடங்கு திணிவுள்ள கருந்துளை ஒன்றுண்டு.

இரண்டாவது நீள்வட்டம். கன்னி ராசித் திசையிலுள்ள எம் 87 இதற்குச் சான்று. குளிர்ந்த வாயு பெரும்பாலும் தீர்ந்துவிட்டமையால் இங்கே புதிய பிறப்பு அரிது. கருந்துளையின் நிழலைக் காட்டும் முதற்படம் 2019 இல் வெளியானது இதன் மையத்திலிருந்தே.

மூன்றாவது ஒழுங்கற்ற வடிவினது. தை மாதத்து நிலவற்ற இரவில், ஒன்பது மணியளவில், நம் இலங்கையிலிருந்து தென் அடிவானத்துக்குச் சற்று மேலே பெரிய மகெல்லன் முகிலைக் காணலாம். உருவிலே சிறிது, ஆயினும் வாயு நிறைந்தது, நட்சத்திரங்கள் ஓயாது பிறக்கின்றன. 1987 இல் அங்கு வெடித்த நட்சத்திரமொன்று வெறுங்கண்ணுக்கே புலனாயிற்று.

ஆகவே, உடுத்திரளின் வளம் அதன் பருமனில் இல்லை. எஞ்சியுள்ள வாயுவிலேயே தங்கியுள்ளது. முதிய நட்சத்திரங்கள் மடியும்போது தம்முள் ஆக்கிய பொருள்களை அவ்வாயுவுக்கே ஈந்து செல்கின்றன. நம் குருதியிலுள்ள இரும்பும் அவ்வாறு வந்ததே. முதியோர் ஈவதும் இளையோர் ஏற்பதும் வானத்திலும் உளது.

வாலிபர்களே! நம் ஊர்களிலே விளக்குகள் பெருகி வருகின்றன. மங்கலான ஒளிகள் மறைந்து வருகின்றன. பால்வீதியைக் கண்டு வளர்ந்த பெரியோர் இச்சபையிலே பலருளர். அவர்களை அழைத்துக்கொண்டு, ஆண்டில் ஓரிரவேனும் இருண்ட வெளிக்குச் செல்லுங்கள். அவர்கள் கண்ட வானம் உங்கள் பிள்ளைகளுக்கும் கிட்டட்டும்.