தென்னாப்பிரிக்காவில் விடுமுறை நாளும் வழிப்பயணமும்



விடுமுறை என்ற சொல்லைக் கேட்டவுடன் உள்ளம் துள்ளாத மாணவர் உண்டோ? உண்மையைச் சொன்னால், ஆசிரியர் உள்ளமும் சற்றே துள்ளத்தான் செய்கிறது. ஆனால் அயல்நாட்டில் பயணம் செய்யப் புகுந்த ஒருவனுக்கு, அந்நாட்டு விடுமுறை நாள் மகிழ்ச்சியையும் தரலாம். பெரும் இடரையும் தரலாம். தென்னாப்பிரிக்காவில் எனக்கு முதலில் வாய்த்தது இடர்தான். அந்த இடரிலிருந்து நான் கற்ற பாடத்தை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வியாழக்கிழமை காலையில் ஜோகானஸ்பர்க் நகரில் வந்து இறங்கினேன். கடற்கரை நகரமாகிய டர்பனுக்குச் சென்று, அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்களைக் காண வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆவல். இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 570 கிலோமீட்டர். காலையில் பேருந்து ஏறினால் இரவுக்குள் சேர்ந்துவிடலாம் என்று கணக்கிட்டிருந்தேன். கணக்கில் பிழை இல்லை, நாளில்தான் பிழை. மறுநாள் பெரிய வெள்ளி. பேருந்து நிலையத்தில் மூட்டைகளும் போர்வைகளும் குழந்தைகளுமாக மக்கள் வெள்ளம். ஒரு பேருந்திலும் இடம் இல்லை. வாடகைக் காரும் கிடைக்கவில்லை. விமானக் கட்டணமோ என் பணப்பைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

இந்தக் கூட்டத்துக்குக் காரணம் யாது? ஜோகானஸ்பர்க் பொன் சுரங்கத்தால் பிறந்த நகரம். 1886-இல் அங்கே தங்கம் கண்டெடுக்கப்பட்ட பின், தொலைதூரக் கிராமங்களிலிருந்து ஆடவர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து சேர்ந்தனர். குடும்பத்தை உடன் அழைத்துவர அவர்களுக்கு உரிமை இல்லை. மனைவி மக்களைக் காண ஊர் திரும்பும் காலம் கிறிஸ்துமஸும் ஈஸ்டரும். அந்தச் சட்டங்கள் மறைந்துவிட்டன, வழக்கம் மறையவில்லை. ஈஸ்டர் வந்துவிட்டால் நகரம் இன்றும் தன் மக்களை ஊர்களுக்கு அனுப்பிவைக்கிறது. அதோடு, சீயோன் கிறிஸ்தவத் திருச்சபையைச் சேர்ந்த பெருந்திரளான மக்கள் வடக்கே மோரியா என்னும் தலத்துக்கு யாத்திரை செல்வதும் அந்நாட்களில்தான். எனவே, வடக்கு நோக்கிய சாலையும் நிறைந்திருக்கும். தெற்கு நோக்கிய சாலையும் நிறைந்திருக்கும்.

வேறு வழியின்றி, சொவேட்டோ பகுதியில் மூத்த அம்மையார் ஒருவர் தம் இல்லத்திலேயே நடத்திவந்த சிறு விடுதியில் தங்கினேன். என் கதையைக் கேட்டு அவர் நகைத்தார். "மகனே, வரைபடத்தைப் பார்த்து வந்திருக்கிறாய், நாட்காட்டியைப் பார்க்கவில்லையா?" என்றார். பிறகு சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி என் முன் வைத்தார். நான்கு நாள்கள் அந்த நாட்காட்டியே எனக்குப் பாடப்புத்தகம் ஆயிற்று.

தென்னாப்பிரிக்காவின் பொது விடுமுறைகள் 1994-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தால் வரையறுக்கப்பட்டவை. ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள்கள். அவற்றுள் ஒன்று ஞாயிற்றுக்கிழமையில் வருமாயின், மறுநாள் திங்களும் விடுமுறையாகும். சனிக்கிழமையில் வந்தால் இந்தச் சலுகை இல்லை. குடியரசுத் தலைவர் புதிதாக ஒரு நாளை விடுமுறையாக அறிவிக்கவும் கூடும். ரக்பி உலகக் கோப்பையை வென்ற மகிழ்ச்சியில் 2023 டிசம்பர் 15 விடுமுறையாயிற்று. பொதுத் தேர்தலுக்காக 2024 மே 29 விடுமுறையாயிற்று. ஆகவே, பழைய பட்டியலை மட்டும் நம்பிப் புறப்படுதல் தகாது.

இந்த விதிகளை அந்நாட்டார் எவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2025-இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 18. ஈஸ்டருக்கு மறுநாளாகிய குடும்ப நாள் ஏப்ரல் 21. விடுதலை நாளாகிய ஏப்ரல் 27 ஞாயிறன்று வந்தமையால், 28-உம் விடுமுறை. மே முதல் நாள் தொழிலாளர் நாள். இடையில் ஏழு நாள் மட்டும் விடுப்பு எடுத்த ஒருவர், ஏப்ரல் 18 முதல் மே 4 வரை பதினேழு நாள்கள் ஓய்வாக இருக்க முடிந்தது! நம்மைப் போன்ற வழிப்போக்கர் இதை அறியாமல் அங்கே போய் இறங்கினால், தங்க அறையும் கிடைப்பதில்லை. ஏற வண்டியும் கிடைப்பதில்லை.

டிசம்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள அந்நாட்டில் டிசம்பர் கோடைக்காலம். பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை அப்போதுதான். 16-ஆம் நாள் நல்லிணக்க நாள், 25 கிறிஸ்துமஸ், 26 நல்லெண்ண நாள், பின்னர்ப் புத்தாண்டு. கட்டுமானத் தொழிலும் ஆலைகள் பலவும் மூன்று வாரம்போல ஓய்ந்துவிடுகின்றன. உள்நாட்டு மக்கள் கடற்கரை நோக்கித் திரள்கிறார்கள். வனவிலங்குகளைக் காண விரும்புவோர்க்கு உகந்தது மழையற்ற குளிர்காலம். மே முதல் செப்டம்பர் வரை. அப்போது புல் காய்ந்து, விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வரும். ஆனால் ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய கிரூகர் தேசியப் பூங்காவிலும்கூட, பள்ளி விடுமுறை நாள்களில் தங்கும் குடில்கள் பல மாதங்களுக்கு முன்னரே பதிவாகிவிடும்.

இவையெல்லாம் பயணக் கணக்கு. நாட்காட்டியின் மறுபக்கத்தை அம்மையார் பிறகுதான் எனக்குக் காட்டினார். "இந்தச் சிவப்பு எண்களை விடுமுறை என்று மட்டும் நினையாதே. இவை எங்கள் வரலாறு" என்றார்.

மார்ச் 21, மனித உரிமை நாள். 1960-இல் அந்த நாளில் ஷார்ப்வில் என்னும் ஊரில், கறுப்பின மக்கள் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டிய அடையாளச் சீட்டை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது காவலர் சுட்டனர். 69 பேர் மாண்டனர் என்பது அரசுக் கணக்கு. ஏப்ரல் 27, விடுதலை நாள். எல்லா இனத்தவரும் முதன்முதலாக வாக்களித்த 1994-ஆம் ஆண்டுத் தேர்தல் நாள் அது. ஆகஸ்டு 9, மகளிர் நாள். 1956-இல் ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவிலுள்ள அரசு மாளிகைக்குச் சென்று, அதே அடையாளச் சீட்டை எதிர்த்து அரைமணி நேரம் பேச்சின்றி நின்றார்கள்.

டிசம்பர் 16-இன் கதை இன்னும் வியப்பானது. 1838-இல் அந்த நாளில் வெள்ளைக் குடியேறிகள் ஜூலு வீரர்களைப் போரில் வென்றனர். வெற்றியை அவர்கள் வழிவழியாகக் கொண்டாடினர். 1961-இல் அதே நாளையே தேர்ந்து, விடுதலைப் போராளிகள் தங்கள் ஆயுதப் படையின் தோற்றத்தை அறிவித்தனர். இரு தரப்பாருக்கும் உரிய அந்த நாளைப் புதிய அரசு நீக்கிவிடவில்லை. நல்லிணக்க நாள் என்று பெயர் மாற்றி, இருவருக்கும் பொதுவாக வைத்தது. ஒரு நாளுக்குப் பெயரிடுவதில் எத்துணை அரசறிவு தேவைப்படுகிறது, பாருங்கள்!

நான்காம் நாள் டர்பன் சென்றேன். அங்கே ஒரு தமிழ்ப் பெரியவர் என்னை வரவேற்று, "மூன்று நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா? மாரியம்மன் திருவிழாவைப் பார்த்திருக்கலாமே!" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் விளக்கினார். 1860 முதல் 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். தெய்வத்துக்கு விழா எடுக்க அவர்களுக்கு ஓய்வு நாள் வேண்டும். ஓய்வோ முதலாளி மதத்தின் பண்டிகையன்றுதான் கிடைத்தது. எனவே கிடைத்த நாளில் விழா எடுத்தனர். டர்பனுக்கு அருகிலுள்ள இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் இன்றும் ஈஸ்டர் காலத்தில்தான் பெருவிழா. பெரிய வெள்ளியன்று பல்லாயிரவர் கூடுகிறார்கள்.

நண்பர்களே, அதைக் கேட்டு நான் நாணினேன். எந்த மக்களைக் காண வேண்டும் என்று கடல் கடந்து வந்தேனோ, அந்த மக்கள் ஓரிடத்தில் கூடி நின்ற நாளில், நான் 570 கிலோமீட்டருக்கு அப்பால் பேருந்துக்கு இடம் தேடி அலைந்துகொண்டிருந்தேன். விடுமுறையைத் தடை என்று எண்ணினேன். அதுவே வாயில் என்பதை அறியவில்லை.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம் மீண்டும் சென்றேன். இம்முறை நாட்காட்டியை முதலில் பார்த்தேன். ஜூன் 16 இளைஞர் நாள். இரண்டு நாள் முன்னதாகவே சொவேட்டோ சேர்ந்து, அதே அம்மையார் இல்லத்தில் தங்கினேன். அன்று அரசு அலுவலகங்களும் வங்கிகளும் மூடியிருந்தன. தெருக்களோ நிறைந்திருந்தன. இளைஞர் மட்டுமல்லர், நரைத்த தலையினரும் பள்ளிச் சீருடை அணிந்து நடந்தனர்.

நடந்துகொண்டே அம்மையார் கூறினார்: "1976-இல் எனக்குப் பதினான்கு வயது. கணக்கையும் சமூகப் பாடத்தையும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்றார்கள். எங்களுக்கும் அந்த மொழி தெரியாது. கற்பித்தவர்களில் பலருக்கும் தெரியாது. அதனால் தெருவுக்கு வந்தோம். கையில் அட்டைகளை ஏந்தியிருந்தோம். அவர்கள் சுட்டார்கள். என் வகுப்பில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவள் அன்றைக்குப் பிறகு வரவில்லை."

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அன்று உயிர்நீத்த 12 வயதுச் சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனின் நினைவிடத்தில் சற்று நேரம் நின்றோம். குளிர்காற்று வீசிற்று. பக்கத்தில் நின்ற பள்ளிச் சிறுமி ஒருத்தி எங்கள் இருவரையும் பார்த்துப் புன்னகை செய்தாள். அவளுக்கு அது விடுமுறை. அவள் அச்சமின்றி அங்கே நிற்பதற்காகத்தான் அந்த விடுமுறை ஏற்பட்டது என்று எனக்குத் தோன்றிற்று.

மாணவ மணிகளே, நீங்களும் ஒரு நாள் அயல்நாடு செல்வீர்கள். அப்போது மூன்று செய்திகளை நினைவில் வையுங்கள். பயணத் திட்டம் எழுதுமுன், அந்நாட்டின் அவ்வாண்டு விடுமுறைப் பட்டியலை எடுத்து வையுங்கள். விடுமுறை நாளன்றும் அதற்கு முன்னாளன்றும் சாலையில் இராதீர்கள். இரண்டு நாள் முன்னதாகவே சேர வேண்டிய இடம் சேர்ந்துவிடுங்கள். மூன்றாவது, அந்த நாள் எதற்காக விடப்பட்டதோ அதைக் கேட்டறிந்து, இயன்றால் அம்மக்களோடு சேர்ந்து நில்லுங்கள்.

மற்ற நாள்களில் ஒரு நாட்டின் ஊர்களைக் காணலாம். விடுமுறை நாளில் அந்நாட்டின் நெஞ்சத்தைக் காணலாம். அந்த ஒரு நாளைத் தவறவிட்டு வந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.